பூட்டைப் பலவீனமாக்கினால் யாருக்குக் காவல்?

"நல்லவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது? குறியாக்கமெல்லாம் குற்றவாளிக்குத்தான் வேண்டும். அரசு அதைக் கட்டுக்குள் வைத்தால்தான் நாட்டுக்குப் பாதுகாப்பு." பாளையங்கோட்டை டீக்கடையிலும் சரி, தொலைக்காட்சி விவாதத்திலும் சரி, இந்தப் பேச்சுக்கு மறுபேச்சே எழுவதில்லை. இது தவறு. அதற்கு முப்பது வருடச் சாட்சியம் இருக்கிறது.

கடையநல்லூரிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார். நெல்லை டவுன் ஜவுளிக்கடையில் போனைக் காட்டிக் காசு கொடுக்கிறார்கள். அவர்களுடைய ரகசிய எண் நடுவழியில் எவனாலும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுப் போய்ச் சேருவது குறியாக்கத்தால்தான். இவர்களில் யார் குற்றவாளி?

1990களில் அமெரிக்கா பலமான குறியாக்க நிரலை ஆயுதப் பட்டியலில் வைத்து ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 1991இல் பிஜிபி என்ற குறியாக்க நிரலை இலவசமாக வெளியிட்ட ஃபில் சிம்மர்மேன் மீது மூன்று வருடம் விசாரணை நடந்தது. 1995இல் அதே நிரலை எம்ஐடி பதிப்பகம் புத்தகமாக அச்சிட்டது. நெகிழ்வட்டில் போனால் ஆயுதம், தாளில் போனால் புத்தகம்! சட்டம் தடுக்க நினைத்தவர்களைத் தடுக்கவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் சாதாரண மக்கள்: வெளிநாட்டாருக்கென்று 40 பிட் சாவி கொண்ட (பிட் கூடக்கூடப் பூட்டு பலம்) நோஞ்சான் நெட்ஸ்கேப் உலாவியை விற்றார்கள். அந்தப் பூட்டை 1995இல் பிரான்ஸில் ஒருவர் எட்டே நாளில் உடைத்தார்.

2000இல் தடை பெரிதும் தளர்ந்தது. ஆனால் அந்தப் பலவீனப் பூட்டு மென்பொருள்களுக்குள் அப்படியே கிடந்தது. 2015இல் 'ஃப்ரீக்' என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, ஆண்ட்ராய்டு, ஆப்பிள் கருவிகளின் உலாவிகளையே பழைய ஏற்றுமதித் தரத்துக்கு இறக்கிவிட முடிந்தது. சிக்கிய இணையதளங்களில் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையின் தளமும் ஒன்று. அயலானுக்கென்று செய்த ஓட்டை வழியே சொந்த வீட்டுக்கே திருடன் வரலாம் என்று ஆனது.

நம் அரசு இதிலிருந்து கற்றதா? இணையச் சேவை உரிமத்தில் அனுமதியின்றி 40 பிட்டுக்கு மேல் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை எழுதிவைத்தது. 2001இல் ரிசர்வ் வங்கி, இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்றது. ஒரே அரசின் இரண்டு வாய்கள். பணத்தின் அருமை தெரிந்த வாய்தான் உண்மையைப் பேசியது. 2015 செப்டம்பரில் வந்த தேசியக் குறியாக்கக் கொள்கை வரைவோ, அனுப்பிய செய்திகளின் வெளிப்படையான நகலை 90 நாள் வைத்திருக்கச் சொன்னது. எதிர்ப்பு வலுக்க, 22ஆம் தேதியே திரும்பப் பெற்றார்கள். 2017 டிசம்பரில், ஆயுதங்களோடு இத்தகைய தொழில்நுட்ப ஏற்றுமதியையும் கட்டுப்படுத்தும் நாடுகளின் வாசனார் உடன்பாட்டில் இந்தியா சேர்ந்தது. தகவல் பாதுகாப்பு மென்பொருள் இன்று நம் ஸ்கோமெட் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலின் எட்டாம் பிரிவில் இருக்கிறது.

இது நமக்குத் தூரத்து விவகாரம் இல்லை. சிற்றாறு பாயும் தென்காசிப் பக்கம், மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஸோஹோவின் அலுவலகம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் அந்நிறுவனத்தின் 'அரட்டை' என்ற செய்திச் செயலிக்குத் திடீரென்று கூட்டம் சேர்ந்தபோது, அழைப்புகளுக்கு நடுவிலுள்ள சர்வராலும் திறக்க முடியாத முழுக் குறியாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. கேட்டவர்களிடம் "நம்ம ஊரு செயலிதானே" என்று சமாதானம் சொன்னவர்கள் உண்டு. சர்வர் எந்த ஊரில் இருந்தாலும் உள்ளே புகுந்தவன் படிக்கத்தான் செய்வான். ஊர்ப்பாசம் சாவி ஆகாது.

அடுத்த கொள்கையை எழுதுகிறவர்கள் அளவு குறிப்பதானால் ரிசர்வ் வங்கி குறித்தபடி குறிக்கட்டும்: இதற்குக் கீழே கூடாது என்று. மேல்வரம்பே வேண்டாம்.