ஊசியும் மூக்குக்கண்ணாடியும்

சத்திரசிகிச்சையின் பின் முதியோருக்கு நேரும் சித்தக் கலக்கத்தை அக்குபங்சர் தடுக்கும் என்கிறார்கள். காட்டப்படும் ஆதாரங்கள் பெரும்பாலும் சீனாவின் சிறிய ஆய்வுகள். குத்துவது மெய்யூசியா பாசாங்கா என்பதைக் குத்துபவரிடமே மறைப்பது எங்ஙனம்? நான் ஊசிக்கு எதிரியல்லன். முழங்கால் வலிக்குக் குத்திக்கொண்டவன்தான்.

ஆனால் 2017 இல் வெளியான தாய்வான் ஆய்வைப் பாருங்கள். வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குள்ளான 377 முதியோரில், தாதியர் நாள்தோறும் பேச்சுக்கொடுத்து, உணவுக்கு உதவி, எழுப்பி நடத்தியோரிடம் இக்கலக்கம் 6.6 வீதம், ஏனையோரிடம் 15.1 வீதம். இதற்கு வேண்டியது ஊசியன்று, ஆளணி. அதற்குத்தான் எவரும் பணம் ஒதுக்குவதில்லை.

இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சையின் பின் என் தாயார் மூன்று இரவுகள், என்றோ இறந்துபோன தமையனாரை அழைத்துப் புலம்பினார். அவரது மூக்குக்கண்ணாடி அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. துணைக்கு நிற்க எவருக்கும் அனுமதியில்லை. ஊசி வைத்தியர் ஒருவரை அழைப்போமா என்றார் விடுதிப் பொறுப்பாளர். நான் கேட்டது அலுமாரித் திறப்பை.