நாலு சதவீதம் வேகமான விசில்

போன நிகழ்ச்சியில் பிரேம் ரேட் பற்றிக் கதைத்தபோது நேரம் போதாமல் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் கோபத்தோடுதான்.

லண்டனில் வளர்ந்த நானும் டொரொன்டோவில் வளர்ந்த என் மாமி மகனும் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தின் விசிலை வைத்து வருஷக்கணக்காகச் சண்டை பிடித்திருக்கிறோம். ஃபோனில் நான் விசிலடித்தால், "மச்சான், சுருதி கூடிப்போச்சு" என்பான். அவன் அடித்தால் எனக்கு பேட்டரி இறங்கின வாக்மன் மாதிரிக் கேட்கும். கடைசியில் பார்த்தால் இரண்டு பேரும் சரி. அவரவர் வீட்டு டிவிடியைத்தான் அப்படியே பாடமாக்கி வைத்திருந்தோம்.

சினிமா நொடிக்கு 24 பிரேம். ஐரோப்பாவின் பால் முறைக்கு 25 வேண்டும். படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவதுதான் அங்கே வழக்கம். 161 நிமிடப் படத்தில் ஆறரை நிமிடம் காணாமல் போகும். ஒலியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் சுருதியும் 0.7 செமிடோன் ஏறும். வட அமெரிக்காவின் என்டிஎஸ்சி வேகத்தைக் காப்பாற்றியது, ஆனால் பிரேம்களை இரண்டும் மூன்றுமாக மாற்றி மாற்றிக் காட்டியதால் கேமரா திரும்பும்போது லேசாகத் திக்கும். இரண்டுமே அந்தக் காலத்துச் சமரசம். அதில் எனக்குக் கோபமில்லை.

கோபம் 2003 ரெஸ்டொரேஷனுக்குப் பிறகு நடந்ததில்தான். நீக்கிய காட்சிகளைச் சேர்த்தார்கள். ஈஸ்ட்வுட்டும் எலி வாலக்கும் முதுமைக் குரலில் டப்பிங் பேசினார்கள்; லீ வான் க்ளீஃப் இறந்துவிட்டதால் அவருக்கு வேறொருவர். அது பரவாயில்லை. ஆனால் மோனோ ஒலியை 5.1 ஆக்கும்போது துப்பாக்கிச் சத்தங்களையே புதிதாகப் போட்டார்கள். அமெரிக்காவில் 2004இல் வந்த டிவிடியில் ஆங்கிலத்துக்கு அந்தப் புது மிக்ஸ் மட்டும்தான்.

"ஒரு சத்தம்தானே" என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் படத்தில் உதடும் வசனமும் ஒருபோதும் சரியாகப் பொருந்தியதில்லை. ஒலியெல்லாம் பிறகு சேர்த்தது, நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசினார்கள். பொருந்துவது இசை ஒன்றுதான். கல்லறைத் தோட்டத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். சுமார் ஐந்து நிமிடம் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கண், கை, துவக்கு, திரும்பக் கண். மொரிக்கோனேயின் ட்ரம்பெட் ஏற ஏற ஷாட்டுகள் சுருங்கும். பால் டிவிடியில் அந்த இடத்தில் மட்டும் பன்னிரண்டு நொடி குறையும், ஆனால் படமும் இசையும் சேர்ந்தே ஓடுவதால் ஒத்திசைவு குலையாது. ரீமிக்ஸ் அப்படியல்ல. இசையை வேறு டேப்பிலிருந்து எடுத்துத் திரும்ப அடுக்கும்போது இரண்டு பிரேம் தள்ளினால் 80 மில்லிசெகண்ட். அதைக் காது பிடித்துவிடும். கீபோர்டில் அவ்வளவு லேட்டன்சி இருந்தால் நீங்களே வாசிக்க மாட்டீர்கள்.

வேலை இடத்தில் நான் ஒரு கோப்பை இப்படி மாற்றி, பழையதை அழித்து, வெர்ஷன் எண்ணும் போடாமல் விட்டால் அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்காது. படங்களுக்கு அதையே செய்து அட்டையில் 'மேம்படுத்திய ஒலி' என்று அச்சடிக்கிறார்கள். பிறகு வந்த ப்ளூ-ரேக்களில் மோனோ திரும்பியது, நல்லது. ஆனால் டிஸ்க் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? ஸ்ட்ரீமிங்கில் எந்த மிக்ஸ் ஓடுகிறது என்று எழுதுவதே அபூர்வம். நாளைக்கு மாற்றினாலும் நமக்குத் தெரியாது. நான் கேட்பது இரண்டுதான்: பழைய ட்ராக் ஒரு தெரிவாக இருக்க வேண்டும், எது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும்.

போன மாதம் அப்பாவின் பழைய டிவிடியை லேப்டாப்பில் போட்டேன். விஎல்சியில் வேகம் 0.96, சுருதியைக் காப்பாற்றும் அமைப்பை நிறுத்தினேன், இல்லாவிட்டால் வேகம் மட்டும் குறைந்து சுருதி அப்படியே நிற்கும். டொரொன்டோ விசில் அச்சொட்டாக வந்தது. பெருமையாக அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இரண்டு நிமிடம் கேட்டார். "என்னடா தம்பி, பழுதாக்கிப்போட்டியே? முந்தி மாதிரி விடு."