சீதை பிறந்த சால் யாருக்குச் சொந்தம்?

சீதை, ஜானகி, மைதிலி, வைதேகி. நாற்று நடுகிற பெண்களிலும் சரி, ஆலையில் ரீலிங் பகுதியில் நிற்கிற பெண்களிலும் சரி, இந்தப் பெயர் உள்ளவர்கள் எத்தனையோ பேர். பெயர் வைத்த தாய் தகப்பனைக் கேட்டால் "ராமாயணத்தில் வருகிற அம்மன் பெயர்" என்பார்கள். காலட்சேபம் செய்கிற பாகவதரைக் கேட்டால் கற்பின் வடிவம், பொறுமையின் வடிவம் என்று ஒரு மணி நேரம் பேசுவார். ஆனால் அந்தச் சொல்லுக்கு சமஸ்கிருதத்தில் என்ன பொருள் என்பதை மட்டும் சொல்லமாட்டார். சொன்னால் பேச்சு வயலுக்கு வந்துவிடும்.

சீதா என்றால் உழவுசால். கலப்பையின் கொழு மண்ணைக் கீறிக்கொண்டு போகிறதே, அந்தக் கீற்றுக்குத்தான் சீதா என்று பெயர். "சீதை என்றால் குளிர்ந்தவள்" என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. அது தவறு. குளிர்ச்சியைக் குறிக்கும் சொல்லுக்கு வடமொழியில் வேறு "ச" எழுத்து. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் வந்த குழப்பம் இது.

ஜானகி என்றால் ஜனகன் மகள். மைதிலி என்றால் மிதிலைக்காரி. வைதேகி என்றால் விதேக நாட்டாள். மூன்றும் தகப்பன் பெயராலும், தகப்பன் ஆண்ட ஊராலும் நாட்டாலும் வந்தவை. அவளுக்கென்று உள்ள பெயர் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு பெயர் ஏரிலிருந்து வந்தது.

ராமாயணத்துக்கு வெகு காலம் முன்பே இந்தச் சீதை இருந்தாள். ரிக் வேதத்தின் நாலாவது மண்டலத்தில் 57-வது பாட்டு வயலைப் பற்றியது. மாடு சுகமாயிருக்கட்டும், ஆள் சுகமாயிருக்கட்டும், கலப்பை சுகமாக உழட்டும் என்று வேண்டிக்கொள்கிற பாட்டு. அதில் சீதையைக் கூப்பிட்டு, எங்கள் பக்கத்தில் வா, எங்களுக்கு விளைச்சல் கொடு, ஆண்டுக்கு ஆண்டு பால் சுரப்பதுபோல் சுர என்று கேட்கிறார்கள். அங்கே அவள் ராஜகுமாரி அல்ல. ராமனும் இல்லை, ராவணனும் இல்லை. பிற்காலத்து கிருஹ்ய சூத்திரங்களில் ஒன்றான பாரஸ்கர சூத்திரம் வயலில் செய்யவேண்டிய சீதா யக்ஞம் என்ற ஒரு சடங்கைச் சொல்கிறது. அதிலே சீதை இந்திரனின் மனைவி! மழை பெய்விக்கிற தேவனுக்கும் உழுத சாலுக்கும் கல்யாணம். உழவன் மூளையில் உதிக்கக்கூடிய கற்பனைதானே இது? சித்திரையில் பொன்னேர் கட்டி முதல் சால் ஓட்டுகிற நம் விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியமில்லை.

வால்மீகி ராமாயணத்தில் சீதை தன் பிறப்பைத் தானே சொல்கிற இடம் ஒன்று உண்டு. காட்டில் அனசூயை என்ற ரிஷிபத்தினி கேட்க, அவள் சொல்கிறாள். ஜனகன் கையில் கலப்பை பிடித்து வயலை உழுதுகொண்டிருந்தான். மண்ணைப் பிளந்துகொண்டு நான் வெளியே வந்தேன். பிடி பிடியாக விதைத்துக்கொண்டிருந்த ராஜா, உடம்பெல்லாம் புழுதி அப்பியிருந்த என்னைப் பார்த்துத் திகைத்துப்போனான் என்கிறாள். உடம்பெல்லாம் புழுதி! இந்தக் குழந்தையைப் படம் எழுதுகிறவர்களோ தங்கப் பெட்டிக்குள் பட்டுத்துணி விரித்துப் படுக்கவைத்து எழுதுகிறார்கள்.

ஜனகனுடைய சொந்தப் பெயரையும் பார்த்துவிடலாம். விஷ்ணு புராணம் அவனைச் சீரத்வஜன் என்கிறது. சீரம் என்றால் ஏர். ஏர்க்கொடி பிடித்தவன் என்று பொருள். கொடியில் ஏர் வைத்துக்கொண்ட ராஜா யாகத்துக்காக ஒரு நாள் வயலில் இறங்கி ஏர் பிடித்தான், அதைக் காவியம் பாடியது. மற்ற நாட்களில் அதே வயலில் ஏர் பிடித்தவன் பெயரை எந்தக் காவியமும் எழுதி வைக்கவில்லை. மகாபாரதத்தில் மத்ர நாட்டு ராஜா சல்லியனுடைய கொடியிலும் தங்கத்தால் செய்த சீதை உண்டு. சாலின் தெய்வம் யுத்தகளத்துக்குத் தேரேறிப் போய்விட்டது.

மிதிலைக்குப் போகும் வழியில் ராமன் அகலிகையைப் பார்க்கிறான் அல்லவா? ஹலம் என்றால் கலப்பை. அஹல்யா என்ற பெயருக்கு "உழப்படாதவள்" என்று பொருள் கொள்ளமுடியும். அவள் உழவு காணாத கரம்பு நிலம் என்றே ரவீந்திரநாத் தாகூர் விளக்கினார். உத்தர காண்டம் இதே பெயருக்கு அவலட்சணம் இல்லாதவள் என்று வேறு விளக்கம் சொல்கிறது. என் அபிப்பிராயம் தாகூர் பக்கம். முதலில் உழாத நிலம், அடுத்த ஊரில் உழுத சால்: இரண்டும் அடுத்தடுத்து வருவது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

இனி, இந்தப் பெயர் சர்க்கார் கணக்குப் புத்தகத்தில் ஏறிய கதை.

கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம் என்ற நூல் நெடுங்காலம் கைக்குக் கிடைக்காமலே இருந்தது. 1905-ல் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் ஓலைச்சுவடியை மைசூர் கீழ்த்திசை நூல் நிலையத்தில் கொடுத்தார். அங்கே நூலகராக இருந்த ஆர். சாமசாஸ்திரி அதை இன்னதென்று கண்டுகொண்டு 1909-ல் அச்சிட்டார். அந்த நூலில் சீதா என்றால் தெய்வம் மட்டுமல்ல. ராஜாவின் சொந்தப் பண்ணையில் விளைந்து களஞ்சியத்துக்கு வருகிற தானியத்துக்கும் அதுதான் பெயர். அந்தப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிற அதிகாரிக்கு சீதாத்யக்ஷன் என்று பட்டம். இரண்டாவது அதிகரணத்தில் 24-வது அத்தியாயம் முழுவதும் அவன் கடமைதான். முதல் விதை விதைக்கும்போது சீதா தேவி விளங்கட்டும் என்று மந்திரம் சொல்லவேண்டும் என்றும் அதே அத்தியாயம் விதிக்கிறது. ஒரே சொல்: கும்பிடும்போது தேவி, அளக்கும்போது ராஜாவின் நெல்.

அந்தப் பண்ணையில் வேலை செய்தது யார்? அடிமைகள், கூலிக்காரர்கள், அபராதம் கட்டமுடியாமல் உழைத்துக் கழிக்கிறவர்கள். கூலி என்ன? ஆளுக்கும் குடும்பத்துக்கும் தக்க சாப்பாடு, மாதம் ஒன்றே கால் பணம். வருஷத்துக்குப் பதினைந்து பணம் ஆகிறது. அதே நூல் ராஜபுரோகிதருக்கும் சேனாபதிக்கும் பட்டத்து ராணிக்கும் விதித்த சம்பளம் 48,000 பணம். அதை வருஷச் சம்பளம் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு புரோகிதர் வாங்கியது 3,200 உழவர்களின் கூலி. மந்திரம் சொன்ன வாய்க்கும் மண்ணைக் கிழித்த கைக்கும் அன்று இருந்த விலை வித்தியாசம் இது.

பண்ணையில் விதைக்காமல் மிஞ்சிய நிலத்தை வாரத்துக்கு விடலாம் என்கிறது சாஸ்திரம். பாதி வாரத்துக்கு உழுகிறவனுக்கு அங்கே உள்ள பெயர் அர்த்தசீதிகன். அர்த்தம் என்றால் பாதி. பாதிச் சீதைக்காரன்! ஏரும் மாடும் விதையும் இல்லாமல் தன் உடல் வலிமை ஒன்றை மட்டும் வைத்துப் பிழைக்கிறவனுக்குப் பாதியும் கிடையாது. நாலில் ஒரு பங்கு, அல்லது ஐந்தில் ஒரு பங்கு. தேவியின் பெயர் வாரக் குத்தகையின் பெயராகிவிட்டது.

பாதி என்ற அந்தக் கணக்கு எத்தனை நூற்றாண்டு உயிரோடிருந்தது என்பதற்கு வங்காளம் சாட்சி. வடக்கு வங்காளத்தில் வாரச் சாகுபடிக்காரனுக்கு அதியார், அதாவது பாதிக்காரன் என்றே பெயர். 1946-ல் அங்கே கிசான் சபையின் தலைமையில் தெபாகா போராட்டம் எழுந்தது. பாதி போதாது, மூன்றில் இரண்டு பங்கு எங்களுக்கு என்று கேட்டார்கள். கதிரை ஜோத்தேதார் களத்துக்குக் கொண்டுபோகாமல் தங்கள் களத்துக்கே சுமந்துபோனார்கள்.

ஆலைத் தோழர்கள், இது விவசாயி சமாச்சாரம் என்று ஒதுங்கிவிட வேண்டாம். சீதாத்யக்ஷன் அத்தியாயத்துக்கு முந்தின அத்தியாயம் நூல் அத்தியாயம். விதவைகள், அங்கம் குறைந்தவர்கள், கன்னிப் பெண்கள், அபராதம் கழிக்கிறவர்கள், கோயில் பணி முடிந்த தேவதாசிகள் எல்லோரையும் வைத்து நூல் நூற்கச் சொல்கிறது. நூல் மெல்லிசா, மோட்டாவா, நடுத்தரமா என்று பார்த்துக் கூலி. திதி நாளில் வேலை செய்தால் தனி வெகுமதி. கூலியைத் தாமதமாகக் கொடுக்கிற அதிகாரிக்கு அபராதம். நூல் கொண்டுவருகிற பெண்ணின் முகத்தைப் பார்த்தாலோ வேறு பேச்சுப் பேசினாலோ அபராதம். நல்ல விதிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்யாத பெண்ணுக்கு என்ன தண்டனை தெரியுமா? கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வெட்டுவது. இழை பிடிக்கிற விரல்கள்.

வேதத்தில் சால், பிறகு பண்ணை, பிறகு ராணி என்று இதை ஏணிப்படி மாதிரி அடுக்கிவிடக்கூடாது. காவியமும் சாஸ்திரமும் ஏறக்குறைய ஒரே நூற்றாண்டுகளில் உருவாகி வளர்ந்தவை. மூன்று பொருளும் ஒரே காலத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. உழுகிறவன் வாயில் ஒன்று, கணக்கன் ஏட்டில் ஒன்று, புலவன் பாட்டில் ஒன்று. எது எவனுக்குப் பயன்பட்டது என்பதே நாம் கேட்கவேண்டியது.

மனுதர்மத்தையும் கொஞ்சம் பார்ப்போம். பத்தாவது அத்தியாயத்தில், உழவை நல்ல தொழில் என்று சிலர் நினைக்கிறார்கள், ஆனால் பெரியோர்கள் அதை இகழ்கிறார்கள் என்று வருகிறது. காரணம், இரும்பு முனை வைத்த கட்டை பூமியையும் பூமியில் உள்ள ஜந்துக்களையும் கொல்லுகிறதாம்! அந்த இரும்பு முனையில் பிறந்தவளைத்தான் உத்தமி என்று கொண்டாடுகிறார்கள். அதை ஓட்டியவன் மட்டும் இழிந்தவன். ஒன்பதாவது அத்தியாயமோ பெண்ணை வயல் என்றும் ஆணை விதை என்றும் சொல்கிறது. வயலில் யார் விதைத்தாலும் விளைச்சல் வயலின் சொந்தக்காரனுக்கே என்பது அங்கே நியாயம். பிள்ளை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கைத் தீர்க்க வந்த உவமை இது. இதே இடத்தில், புதர் வெட்டித் திருத்தியவனுக்கே வயல் சொந்தம் என்றும் ஒரு வாக்கியம் தவறி விழுந்திருக்கிறது. பெண்டாட்டிக்கு உரிமை கொண்டாட அந்த வாக்கியம் உதவியது. காடு திருத்தியவனுக்குப் பட்டா வாங்கிக் கொடுக்க உதவியதாக நான் எங்கும் படித்ததில்லை.

சீதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும். உத்தர காண்டத்தில் மறுபடியும் சபை நடுவில் சத்தியம் செய்யச் சொல்கிறார்கள். அவள் பூமாதேவியைக் கூப்பிட்டு வழிவிடச் சொல்லி மண்ணுக்குள் போய்விடுகிறாள். தவம் செய்த குற்றத்துக்காகச் சம்பூகன் என்ற சூத்திரன் தலை வெட்டப்படுவதும் அதே காண்டத்தில்தான். சாலில் வந்தவள் சாலுக்கே போனாள் என்று பாகவதர் உருகுவார். ராணி என்று பெயர் இருந்தும், அவள் உரிமையோடு கால் ஊன்றி நிற்க மேலே ஓர் அடி நிலம் இல்லை என்பதை நினைத்து உருகுவதில்லை.

அவள் பிறந்ததாகச் சொல்லும் மிதிலைச் சீமை இன்று பீகாரின் வட பகுதியிலும் நேபாளத்தின் ஜனக்பூர் பக்கத்திலுமாக இருக்கிறது. பீகாரில் சீதாமடி என்று அவள் பெயரிலேயே ஊர் உண்டு. இந்த மிதிலையில் வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய ஜமீன், தர்பங்கா ராஜ். 1950-ல் பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஜமீனை ஒழிக்க வந்தபோது தர்பங்கா மகாராஜா காமேஷ்வர் சிங் கோர்ட்டுக்குப் போனார். 1951-ல் பாட்னா ஹைகோர்ட் சட்டத்தைத் தள்ளியது. அதற்காகவே அரசியல் சட்டத்தில் முதல் திருத்தம் கொண்டுவர வேண்டியதாயிற்று. 1952-ல் சுப்ரீம் கோர்ட்டில் சட்டத்தின் பெரும்பகுதி நின்றது. ஏர்க்கொடி ராஜாவின் சீமையில் ஏரோட்டுகிறவனுக்கு வழிவிட இத்தனை பாடு.

அப்போதும் கிடைத்த நிலம் ஆண்பிள்ளை பெயரில்தான் எழுதப்பட்டது. அதே பீகாரின் தென் பகுதியில், 1970-களின் கடைசியில் புத்தகயா மடத்தின் நிலத்துக்காகப் போராடிய கூலிப் பெண்கள், அடியும் உதையும் எங்களுக்கும் உண்டு, பட்டாவில் எங்கள் பெயரும் வேண்டும் என்று கேட்டார்கள். அதிகாரிகள் மட்டுமா எதிர்த்தார்கள்? சொந்த வீட்டு ஆண்களும் முதலில் முணுமுணுத்தார்கள். கடைசியில் சில கிராமங்களில் பெண்கள் பெயரில் பட்டா வந்தது.

1956-ல் வந்த இந்து வாரிசுச் சட்டம் மகளுக்குச் சொத்துரிமை தந்தது என்றாலும், குத்தகை நிலம், உச்சவரம்பு போன்றவற்றில் மாகாணச் சட்டங்களே செல்லும் என்று ஓர் ஓட்டை வைத்திருந்தது. 2005-ல்தான் அது அடைபட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது அப்போதுதான் நாடு முழுவதற்கும் வந்தது. தமிழ்நாட்டில் அது 1989-லேயே வந்துவிட்டது, ஆனால் அதற்கு முன் கல்யாணமான பெண்ணுக்கு இல்லை. சட்டம் வந்தபின் வயல் நிலைமை என்ன? 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடிதாரர்களில் பெண்கள் நூற்றுக்குச் சுமார் 14 பேர். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் யார் கையில் என்று உங்களுக்கே தெரியும்.

மீதி 86-ல் கணிசமானவை எப்படி அண்ணன் தம்பி பெயருக்குப் போகின்றன என்பதும் தெரியாததல்ல. தகப்பன் காரியம் முடிந்த சில மாதத்தில் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்குக் கார் வைத்துக் கூட்டிப்போவார்கள். புதுப்புடவை ஒன்று, கையில் கொஞ்சம் ரூபாய். விடுதலைப் பத்திரம் என்று அந்தக் காகிதத்துக்குப் பெயர். ஜானகியும் மைதிலியும் சீதாலட்சுமியும் வரிசையாகக் கைநாட்டு வைத்துவிட்டு, மறுநாள் அதே வயலில் தினக்கூலிக்கு நாற்றுப் பறிக்க இறங்குவார்கள்.