காய்ச்சலுக்குப் பின்னால் சிறுநீரகம்

திருகோணமலைக்கு அருகிலுள்ள சாம்பல்தீவில் ஒரு குழந்தைக்கு வெளிப்படையான காரணமின்றிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால், சிறுநீரையும் பரிசோதிக்க வேண்டும். அதில் தொற்று இருந்தால், சிறுநீரகத்தைச் சிறுநீர்ப்பையுடன் இணைக்கும் குழாயான சிறுநீர்க்கான் 7 மில்லிமீற்றருக்கு மேல் விரிந்திருக்கலாம். பிறவியிலேயே வரும் இவ்விரிவு பல குழந்தைகளில் வளர வளரத் தானாகக் குறையும். அவர்களுக்குப் பெரும்பாலும் ஸ்கேன் கண்காணிப்பே போதும். தொற்று ஓயாவிட்டாலோ, சிறுநீரகச் செயற்பாடு குறைந்தாலோதான் பெரும்பாலும் சத்திரசிகிச்சை: கானின் குறுகிய நுனியை வெட்டி நீக்கி, மிகப் பருத்திருந்தால் ஒடுக்கி, சிறுநீர்ப்பையில் மீண்டும் பொருத்துவார்கள்.

இச்சிகிச்சைக்குச் செல்லும் கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை சாம்பல்தீவிலிருந்து 250 கிலோமீற்றருக்கும் அப்பால். நாட்கூலிக் குடும்பத்துக்கு ஒவ்வொரு பயணமும் இழந்த கூலி. தொடர் பரிசோதனைகளைத் திருகோணமலையிலேயே முடித்து, சத்திரசிகிச்சைக்கு மட்டும் கொழும்புக்கு அனுப்பும் ஒழுங்கைச் சுகாதார அமைச்சு உறுதிசெய்ய வேண்டும். பெற்றோரும் கிளினிக் திகதியைத் தவறவிடக் கூடாது.