வீட்டு வரி ரசீது

எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பித்தளை அண்டா காணாமல் போனது. 2022 செப்டம்பர் மாதம். விசாரிக்க வந்த போலீஸ்காரர், "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். நாங்கள் யாரும் பெயர் சொல்லவில்லை. ஏரிக்கரைப் பக்கம் பார்த்தோம். அங்கேதான் இருளர் குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. அன்று இரவே ஓர் இளைஞனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அதற்கு முந்தைய வருடம்தான், இருளர்கள் மேல் போட்ட பொய் வழக்கைப் பற்றிய 'ஜெய் பீம்' படம் வந்திருந்தது. தெருவே பார்த்தது, அழுதது. அழுத அதே கண்களால்தான் ஏரிக்கரையைக் காட்டினோம்.

அவனுக்கு மூன்றாம் வாரமே ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். பிணை நிற்பவர் அப்போதே பணம் கட்ட வேண்டியதில்லை. ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, ஒரு கையெழுத்து. அவன் வாய்தாவுக்கு வராமல் போனால்தான் நமக்கு நோட்டீஸ் வரும். ஏரிப் புறம்போக்கில் இருப்பவர்களிடம் வரி ரசீது ஏது? அவனுடைய அம்மா எங்கள் வாசல்களுக்கு வந்தார்.

"ஒரு கையெழுத்துதான் சாமி."

எங்களில் பலருக்குத் தாய் வயது அவருக்கு. அவர் எங்களைச் சாமி என்றார். நாங்கள் அவரை 'நீ' என்றோம். வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்றார் ஒருவர். ரசீது பேங்கில் இருக்கிறது என்றார் இன்னொருவர். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. ரசீதுகள் எல்லார் வீட்டுப் பீரோவிலும் பத்திரமாக இருந்தன.

அந்த ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் தண்டனை பெறாதவர்கள், விசாரணைக் கைதிகள். அவர்களில் அவனும் ஒருவன். ஏழைக்கு எட்டாத பிணை கேட்பது நியாயமில்லை என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் 1978-லேயே மோதிராம் வழக்கில் எழுதிவிட்டார். அந்த மோதிராம் ஒரு கொத்தனார். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம், ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் பிணை தர முடியாதவர்களுக்கு நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றங்கள் யோசிக்கலாம் என்றது. அதைக் காட்டி, சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞர் ஒருவர் வாதாடி, பிப்ரவரியில் அவனைச் சொந்தப் பிணையில் வெளியே கொண்டுவந்தார். அதுவரை நான்கு மாதத்துக்கு மேல் அவனை உள்ளே வைத்திருந்தது நீதிமன்றம் அல்ல. நாங்கள்.

இன்னும் பின்னால் போனால் வெட்கம் கூடுகிறது. பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தவர்கள் இருளர்கள். 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு போயிற்று. சட்டம் தேவைதான். ஆனால் அதன்பின் எங்கே போவார்கள் என்று கேட்கவேண்டியவர்களில் ஊரும் உண்டு. அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அவர்கள் அலைந்தபோது, அலுவலகம் தெரிந்த ஆசிரியர்களும் ஊழியர்களும் எங்கள் தெருவிலேயே குடியிருந்தோம். ஒருவரும் கூடப் போகவில்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றவர்கள் சங்கம் கட்டி, இருளர்கள் மேல் போடப்பட்ட பொய் வழக்குகளுக்கு எதிராக வருடக்கணக்கில் நின்றார்கள். அது செய்தித்தாளில் வந்தபோதெல்லாம் படித்தோம். நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம்.

இப்போது எங்களில் ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறோம், யார் வந்து கேட்டாலும் பிணை நிற்பதற்கு. ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் சான்றிதழ் மனுக்களை எழுதித் தருகிறார். மிகத் தாமதம்.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க ஏரிக்கரைக்குப் போனோம். குடிசையில் யாரும் இல்லை. ஜாமீன் மனுப் போட்ட முதல் வக்கீலுக்காக வாங்கிய கடனை அடைக்க, சூளையில் முன்பணம் வாங்கிக்கொண்டு மகனோடும் பேத்தியோடும் போய்விட்டார் என்றார்கள். பேத்தி நான்காம் வகுப்பு. அவளுடைய நோட்டுப் புத்தகம் கூரையில் செருகியபடி இருந்தது.