எந்த மேட்டுக்குப் போறது?

கஜாவை முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடியே 2018 நவம்பர் 16 விடியுமுன் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியது. 2004 சுனாமிக்கு அந்த எச்சரிக்கைகூட இல்லை. ஐதராபாத்தில் சுனாமி மையமே 2007இல்தான் வந்தது. ஆக, வானிலைக்காரர்களோடு எனக்குச் சண்டையில்லை.

"தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்கிறது அறிவிப்பு. மேட்டில் ஊரும் பள்ளத்தில் சேரியும் இருப்பது காவிரி செய்த வேலையா? எந்த மேட்டுத் திண்ணையில நம்மள ஏத்துவான்? 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் கூலி கேட்ட சனத்துக்குக் கிடைத்த பாதுகாப்பான இடம் ஒரு கூரைக் குடிசை. அதற்குள் 44 பேரை வைத்தே கொளுத்தினார்கள். சுனாமி முகாமிலோ தலித்துகளைத் தண்ணித் தொட்டிகிட்டயே விடல. 2005இல் உலகப் பத்திரிகைகளே எழுதின.

கஜாவில் விழுந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்றது அரசு. சரி, கொடுக்கட்டும். மரம் வைக்க மண்ணே இல்லாத கூலிக்காரருக்கு அந்தக் கணக்கில் இடமேது?

சேரிக்குள்ளேயே மேடு உயர்த்தி, கான்கிரீட் கூடம் கட்டு என்கிறோம். சாவி நம்ம கையில இருக்கணும். தோழர்களே, ஐப்பசி மழைக்கு முன் உங்கள் பகுதிக் கூடம் எது, சாவி யாரிடம், பூட்டு எப்போது கடைசியாகத் திறந்தது என்று விசாரித்து எழுதுங்கள். அடுத்த இதழில் ஊர்ப்பெயரோடு போடுவோம்.