'லாம்' என்னும் ஈரெழுத்து!

தோழர்களே! 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியும் பள்ளிப்பட்டும் ஆந்திரத்தினின்று நம்மோடு இணைந்தன. அன்று 20 வயதுக் காளையர்க்கு இன்று 85 கடந்துவிட்டது. எல்லை மீண்டது கண்டு களித்த கண்களுள் எத்தனை இன்று இருண்டு கிடக்கின்றன!

கண்புரையெனில் அறுவை உண்டு, முகாம் உண்டு; மறுக்கவில்லை. கண் அழுத்த நோய் பறித்த பார்வை மீளுமோ? பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் போய்விட்ட வீட்டில் அடுப்பைத் தடவி அறியும் மூதாட்டிக்கு முகாம் என்ன செய்யும்? "மகன் காப்பாற்றட்டும்" என்னும் கனவான்களே, அந்த மகனின் நாட்கூலியைக் கேட்டீர்களா?

சட்டம் இல்லையா? உண்டு! 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், 19ஆம் பிரிவு: மாவட்டத்துக்கு ஓர் இல்லமேனும், குறைந்தது 150 ஏழை முதியோர்க்கு, அரசு அமைக்கலாம். அமைக்கலாமாம்! 'அமைத்தே தீர வேண்டும்' என்றல்ல. ஆள்வோர் நழுவிச் செல்ல அந்த 'லாம்' போதாதா? 2011 கணக்கின்படி 37 இலட்சம் பேர் வாழும் திருவள்ளூர் மாவட்டத்துக்கு 150 இடம் எம்மாத்திரம்?

கண்ணிழந்தோர் ஊராரைக் குரலால் அறிபவர். தமிழும் தெலுங்கும் கலந்தொலிக்கும் தம் தெருவினின்று பெயர்த்துத் தொலைவில் வைத்தால், மீண்டும் ஒருமுறை குருடாக்கியதாகும். எனவே 'லாம்' போகட்டும், 'வேண்டும்' வரட்டும், இல்லம் பள்ளிப்பட்டிலேயே எழட்டும். வட்டாட்சியர் அலுவலக வாயிலில் இதைக் கேட்கப் புறப்படுங்கள்!